கேக்கின் மேல் எழுதிய பெயர்

இந்தக் கப்பலில் கதவைக் கோபமாகச் சாத்த முடியாது. மேலே ஒரு இரும்புக் கை இருக்கிறது. அது கதவைப் பிடித்து நிறுத்தி, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவது மாதிரி மெல்லக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. அதனால் இவர் கோபமாகப் போனாரா, சும்மா காற்று வாங்கப் போனாரா என்று எனக்குத் தெரியவில்லை. திருச்சியில் எங்கள் கருமண்டபத்து வீட்டுக் கதவாக இருந்தால் தெரிந்திருக்கும். என் முதல் புருஷன், நித்திலா அப்பா, கோபித்துக்கொண்டு கிளம்பினால் தெருக்கோடி வரை கேட்கும். பக்கத்து வீட்டு அம்மாள் சர்க்கரை கேட்கிற சாக்கில் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவாள். இங்கே யாரும் வரமாட்டார்கள். மதியச் சாப்பாடு முடிந்து அறைக்கு வந்ததும் இவர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார், செருப்பைத் தேடினார், "ரஞ்சிதம், ஊருக்குப் போனதும் நீ உன் வீட்டுலயே இரு. நான் பழையபடி கடைக்கு மேல இருந்துக்கறேன். கோபத்துல சொல்லலம்மா. நீ நல்லா யோசிச்சுச் சொல்லு, நான் மேல ஒரு நடை போயிட்டு வந்துடறேன்" என்றார், போய்விட்டார். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஐம்பத்தொன்பது வயதில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டதற்கே ஊர் பேசி முடிக்கவில்லை, அதற்குள் ஆளுக்கொரு வீடு என்றால் அவர்களுக்கு அடுத்த தீபாவளி வரை பேச விஷயம் கிடைத்துவிடும். கோபத்தில் சொல்லவில்லை என்றாரே, கோபமே இல்லாதவருக்கு அந்த வார்த்தை ஏன் வாயில் வரவேண்டும்? ஆனால் போகிறதற்கு முன்னால் தலைசுற்றல் மாத்திரை ஒன்றைப் பிதுக்கி, சாஸரில் வைத்து, பக்கத்தில் தண்ணீரும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கோபக்காரர் மாத்திரை எடுத்து வைப்பாரா? வைப்பார். முப்பது வருஷம் மருந்துக்கடை நடத்தியவர், கை தானாக வைத்திருக்கும். அப்படியானால் அந்த மாத்திரை பிரியமா, பழக்கமா? அதைப் போட்டுக்கொண்டால் அவர் கேட்டதற்குச் சரி என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று போடாமலே உட்கார்ந்திருக்கிறேன். தலை சுற்றுகிறது.

இது சாதாரண அறை இல்லை, சூட். என் ஒரே மகள் நித்திலா சிங்கப்பூரில் இருக்கிறாள். இந்தக் கல்யாணத்தை ஒற்றைக்காலில் நின்று நடத்தி வைத்தவளும் அவள்தான். "ஹனிமூன்னு சொல்லலம்மா, சும்மா ரெஸ்ட்டுன்னு வச்சுக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கப்பல்காரர்களிடம் ஹனிமூன் என்றே சொல்லியிருக்கிறாள். சிங்கப்பூரில் ஏற்றி, பினாங்கு, புக்கெட் என்று சுற்றிக்காட்டி, மறுபடி சிங்கப்பூரிலேயே இறக்கிவிடுவார்களாம். ஏறின இடத்திலேயே இறங்குவதற்கு எதற்கடி இத்தனை சுற்று என்று கேட்டால் சிரிக்கிறாள். உட்கார ஒரு கூடம், படுக்க ஓர் அறை, அதைத் தாண்டிக் கண்ணாடிக் கதவு, பால்கனி, அதற்கப்புறம் கடல்தான். குளியலறையில் ஒரு தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் ஜன்னல். கடலைப் பார்த்துக்கொண்டே குளிக்கலாமாம். நான் துண்டை ஜன்னலில் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டுதான் குளித்தேன். முதல் நாள் வந்தபோது மெத்தை மேல் துண்டுகளை மடித்து இரண்டு அன்னம் செய்து, கழுத்தோடு கழுத்து ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். இவர் பார்த்தார், நானும் பார்த்தேன். கலைக்க இரண்டு பேருக்கும் கை வரவில்லை. அவற்றை நடுவில் விட்டுவிட்டு ஆளுக்கொரு ஓரமாகப் படுத்தோம். விடிந்து பார்த்தால் ஒரு அன்னம் சரிந்து இவர் தோளில் தலை வைத்துக் கிடக்கிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது. சத்தியமாக, ஒரு துண்டு மேல் பொறாமை. பொறாமை வந்தது என்றால் பிரியம் இருக்கிறது என்றுதானே அர்த்தம். பிரியம் இருக்கிறவள் வாயிலிருந்து நேற்று அப்படி வந்திருக்குமா? எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து முட்டிக்கொள்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் இவர் எனக்குத் தயிர் தேடிக்கொண்டு போயிருந்தார். தயிர் இல்லாமல் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று இந்த இரண்டு மாதத்தில் தெரிந்து வைத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து, பரிமாறுகிறவர் ஒருவர் குனிந்து ரகசியமாக என் பெயரைக் கேட்டார். சொன்னேன். ஹஸ்பெண்ட் நேம் என்றார். சொன்னேன். யோசிக்கவே இல்லை. அவருக்குப் பிடிபடவில்லை என்றதும் எழுத்து எழுத்தாக, டி ஃபார் டெல்லி, ஏ ஃபார் ஆப்பிள், கே ஃபார் கைட் என்று கடைசி எழுத்து வரை நிதானமாகச் சொல்லியும் கொடுத்தேன். எவ்வளவு தெளிவாகச் சொல்கிறீர்கள் மேடம் என்று பாராட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் விளக்கைக் குறைத்தார்கள். நாலைந்து பேர் கைதட்டிப் பாடிக்கொண்டே கேக் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தார்கள். வெள்ளை கேக், சிவப்பு எழுத்து. மனோரஞ்சிதம், ஒரு இதயம், தட்சிணாமூர்த்தி. நாலு வருஷத்துக்கு முன் செத்துப்போன நித்திலா அப்பாவின் பெயர், ஒரு எழுத்துகூடப் பிழையில்லாமல். இவர் தயிர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. என் கையில் கத்தியைக் கொடுத்து, மேலே தன் கையை வைத்து, எழுத்து இல்லாத ஓரமாகப் பார்த்து வெட்டினார். அப்புறம் என் பெயர் இருந்த பக்கத்தை எடுத்து எனக்கும் தனக்கும் வைத்துக்கொண்டார். அந்தப் பெயர் மேல் கத்தி படவே இல்லை. சிரிக்கச் சொல்லி என் போனிலேயே படம் பிடித்தார்கள், இவர் சிரித்தார். "நல்லா இருக்கு, முட்டை வாசனையே இல்ல" என்றார். அதற்கப்புறம் இன்று மதியம் வரை கேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மீதியைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், இதோ இந்தக் குட்டி ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிறது. கத்தி படாமல் வெட்டினது மரியாதையா, அருவருப்பா? தொடக்கூடாது என்று நினைத்தாரா, தொடப் பிடிக்கவில்லையா? எழுந்து கதவைத் திறந்து அதைக் கடலில் போட்டுவிடலாம் என்று காலையிலிருந்து நினைக்கிறேன், ஆனால் பெயரோடு கடலில் போடுவது என்றால் அது வேறு காரியம் மாதிரி இருக்கிறது. ராமேஸ்வரத்தில் ஒருமுறை போட்டாயிற்று.

நான் வேண்டுமென்று சொல்லவில்லை, நாக்கு சொல்லிவிட்டது. இதை எப்படி விளக்குவது? முப்பத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணியும் நித்திலா அப்பாவின் பெயரை நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் கம்பெடுத்து நிற்கவில்லை. அம்மா சொன்னதில்லை, அத்தை சொன்னதில்லை, எனக்கும் வராது, அவ்வளவுதான். ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிற நித்திலா சொல்வாள். கோயிலில் அர்ச்சனைக்குக் கேட்டால், தெற்கே பார்த்து உட்கார்ந்திருப்பாரே அந்தச் சாமி பேரு என்பேன், குருக்கள் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். கடைசியில் ஆசுபத்திரியில் அன்றைக்கு, திரைக்குப் பின்னால் அவரைப் படுக்க வைத்துவிட்டு, மேசையில் இருந்தவன் பேரு சொல்லும்மா என்றான். திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சொல்ல யாருமில்லை, நித்திலா விமானத்தில் வந்துகொண்டிருந்தாள். எனக்கு வேறு வழி தெரியாமல் அவனிடமும், தெற்கே பார்த்து உட்கார்ந்திருப்பாரே என்று ஆரம்பித்தேன். "விடுகதையா போடறே, பின்னால ஆள் நிக்குதும்மா" என்றான். அப்போதுதான் சொன்னேன். முதல் தடவை. சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தேன். என்னைக் கூப்பிட்டாயா என்று எழுந்து வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை. அதற்குப் பிறகு பேங்கில், பென்ஷன் ஆபீஸில், கேஸ் கம்பெனியில், மின்சார வாரியத்தில், எங்கே போனாலும் ஹஸ்பெண்ட் நேம், ஹஸ்பெண்ட் நேம். நான் ஜன்னல் ஜன்னலாக நின்று சொன்னேன், எழுத்துக்கூட்டிச் சொன்னேன், செவிடர்களுக்குக் கத்திச் சொன்னேன். அவர் செத்த பிறகுதான் என் நாக்குக்கு அவர் பெயர் பழகியது. அந்தக் கேள்விக்கு அது ஒன்றுதான் விடை என்று பாடம் பண்ணி வைத்திருக்கிறது, கழுதை. இதை இவரிடம் சொன்னால் சமாதானம் ஆவாரா, இல்லை இத்தனை ஜன்னலில் நின்றவளா என்று இன்னும் தள்ளிப் போவாரா?

இவர் பெயரில் எனக்கு அந்தத் தொல்லையே இல்லை. குலசேகரன் சார், குலசேகரன் சார் என்று அவர் கடை வாசலில் நின்று எத்தனை ஆயிரம் தடவை கூப்பிட்டிருக்கிறேன். குலசேகரன் சார், ஊசி வந்துடுச்சா? குலசேகரன் சார், இந்த மாத்திரைக்கு பதிலா வேற குடுத்திருக்கீங்களே? நித்திலா அப்பாவுக்குப் பதினைந்து வருஷம் இன்சுலின் கொடுத்தது இவர்தான். ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்து, வீட்டுல ஃப்ரிட்ஜ் கதவுப் பக்கம் வைங்க, உள்ளே தள்ளாதீங்க என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். மனைவி போய் எட்டு வருஷமாகக் கடைக்கு மேலேயே ஒற்றை ஆளாகக் கிடந்தார். கல்யாணத்துக்கு அப்புறம்தான் எல்லாம் குழம்பிப்போனது. சார் என்று கூப்பிட முடியுமா, கட்டின புருஷனை? நித்திலா அப்பாவை என்னங்க என்று கூப்பிடுவேன். அந்த என்னங்க அவரோடு போய்விட்டது. வேறொருவர் அதற்குத் திரும்பிப் பார்த்தால் எனக்கு உடம்பு கூசும். இன்னார் அப்பா என்று சொல்லலாம் என்றால் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்து இனிமேல் பிள்ளையா பிறக்கப்போகிறது. ஆகவே நான் இவரை ஒன்றுமே சொல்லிக் கூப்பிடாமல் இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டேன். டம்ளரைத் தட்டுவேன், இருமுவேன், காபி ஆறுது என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். கப்பல் ஏறின அன்றைக்கு, ஆபத்து வந்தால் எங்கே போய் நிற்கவேண்டும் என்று எல்லோரையும் கூட்டம் கூட்டமாக அழைத்துப் போனார்கள். இவர் என்னவோ யோசனையில் வேறு கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்தார். எனக்கு முதுகு தெரிகிறது. கூப்பிடத்தான் ஒன்றும் இல்லை. கை தட்டினேன். இவரைத் தவிர அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி பதிலுக்குக் கைதட்டினாள், பாட்டு என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. நிஜமாகவே கப்பல் முழுகினால் நான் கைதட்டிக்கொண்டுதான் முழுகுவேன். இவர் அப்புறம் திரும்பி வந்து, "கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்றார். அப்போதே அவருக்கு மனசில் விழுந்திருக்கும். கூப்பிடுகிற அளவுக்குக்கூட நான் இல்லையா என்று நினைத்திருப்பார். அதற்கு மேல் கேக்.

போன் அடிக்கிறது. நித்திலா. எடுக்கலாமா வேண்டாமா என்று பார்ப்பதற்குள் விரல் எடுத்துவிட்டது. "அம்மா, கேக் வந்துச்சா? நான்தான் சொல்லி வச்சேன், சர்ப்ரைஸா இருக்கட்டும்னு. என்ன எழுதினாங்க?" பேரு எழுதினாங்கடி என்றேன். "ரெண்டு பேர் பேருமா? அங்கிள் சந்தோஷப்பட்டாரா? ஃபோட்டோ அனுப்பும்மா." நெட் சரியாக இல்லை என்று பொய் சொன்னேன். நெட் சரியாக இருப்பதால்தான் அவள் குரல் பக்கத்து அறையிலிருந்து கேட்பது மாதிரி கேட்டது. "அம்மா, என்ன ஒரு மாதிரி பேசற? சண்டையா?" சண்டை இல்லை என்றேன். சண்டை போட்டால் பரவாயில்லையே. அவள் கொஞ்சம் நிறுத்தி, "அப்பா மாதிரி இருக்கணும்னு அங்கிளைப் பார்க்காதம்மா" என்றாள். நான் எங்கேடி பார்த்தேன் என்று கேட்க வாயெடுத்தேன். குழந்தை அழுகிறான் என்று வைத்துவிட்டாள். போனில் அந்தப் படத்தைத் திறந்தேன். நான் பேயறைந்த மாதிரி நிற்கிறேன். இவர் சிரிக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் அவள் அப்பா பெயர், பட்டப்பகல் மாதிரி பளிச்சென்று. இதை நித்திலா பார்த்தால் சிரிப்பாளா அழுவாளா? அப்பா பெயரைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் அவளுக்குள் சந்தோஷம் வராது என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா? எனக்கே, விளக்கைக் குறைத்து அந்தப் பெயர் வந்தபோது, பயம் வருவதற்கு முன்னால் முதலில் வந்தது என்ன? தெரியவில்லை. அதை நோண்டாமல் இருப்பதே நல்லது.

சரி, இவர் கேட்டதற்கு என்ன பதில் சொல்லப்போகிறேன்? நீ உன் வீட்டிலேயே இரு என்கிறார். என் வீடு என்பது என்ன? வாசலில் தட்சிணாமூர்த்தி என்று கல்லில் வெட்டியிருக்கிறது. கூடத்தில் மாலை போட்ட படம். இந்த இரண்டு மாதமும் இவர் தினம் கடை பூட்டிவிட்டு அந்தப் பெயரைத் தாண்டித்தான் உள்ளே வந்தார். படத்துக்கு முதுகு காட்டக்கூடாது என்று நாற்காலியை இழுத்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருவார்; ஃபேன் காற்று அங்கே வராது, வேர்த்துக்கொண்டே காபி குடிப்பார். படத்துக்குப் பூ வெச்சாச்சா என்று அவரே ஞாபகப்படுத்துவார். நல்ல மனுஷர் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேனே தவிர, அவருக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பார். தனியாக இருப்பது எனக்குப் புதிது இல்லை. நாலு வருஷம் இருந்திருக்கிறேன். ஒரு ஆளுக்குச் சமைத்தால் ரசம் வைக்கவே மாட்டேன், காலையில் வடித்ததையே ராத்திரிக்கும் தயிர் ஊற்றிக்கொள்வேன். நிம்மதியாகத்தான் இருந்தது. நிம்மதியா? டிவியை அணைத்ததும் வருகிற அந்தச் சத்தமில்லாத சத்தத்துக்குப் பயந்து, பார்க்காத சேனலை ஓடவிட்டுக்கொண்டு படுத்திருந்ததுக்குப் பெயர் நிம்மதியா? இவர் வந்த பிறகு டிவி தேவைப்படவில்லை. இவர் தூக்கத்தில் லேசாக விசில் அடிக்கிற மாதிரி மூச்சு விடுகிறார், அது போதும். அப்படியென்றால் எனக்கு வேண்டியது இவரா, மூச்சுவிடுகிற யாரோ ஒருவரா? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் பைத்தியம் பிடித்துவிடும். எழுந்து பால்கனிக்குப் போனேன். கடல் ஒரே மாதிரி இருக்கிறது, கப்பல் போகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. கீழே எட்டிப் பார்த்தேன். இவர் போய் ரொம்ப நேரமாகிவிட்டது. ஒரு நடை என்றால் இத்தனை நேரமா? மேல் தளத்தில் கம்பி இடுப்பு உயரம்தான் இருக்கிறது. சே, அப்படிப்பட்ட மனுஷர் இல்லை. எப்படிப்பட்ட மனுஷர் என்று எனக்கு என்ன தெரியும்? ஊசி எப்படி வைக்கவேண்டும் என்று சொன்னவர், தயிர் தேடிப் போனவர், பெயர் மேல் கத்தி படாமல் கேக் வெட்டியவர். இவ்வளவுதான் தெரியும். இன்னும் எவ்வளவோ தெரியவேண்டும் என்று அப்போது திடீரென்று ஆசையாக வந்தது; அழுகையும் வந்தது. போய்த் தேடுவது என்று முடிவு செய்தேன். பார்த்ததும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவது. நித்திலா தன் புருஷனைப் பெயர் சொல்லித்தானே கூப்பிடுகிறாள், வாடா போடா வேறு. நானும் சொல்கிறேன், குலசேகரன், மன்னிச்சுக்கோங்க என்று. ஆயிரம் தடவை சொன்ன பெயர்தானே.

அவசரத்தில் கார்டை எடுக்கவில்லை. இந்தக் கப்பலில் சாவி கிடையாது, ஒரு அட்டையைக் கதவில் காட்டினால்தான் திறக்கும். நான் தாழ்வாரத்துக்கு வந்து நாலடி போயிருப்பேன், பின்னால் அந்த இரும்புக் கை தன் வேலையை முடித்துவிட்டது. அட்டை உள்ளே, போன் உள்ளே, செருப்பும் உள்ளே. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கதவு, ஒரே மாதிரி கம்பளம், முடிவு எங்கே என்று தெரியாத நீளம். இவர் எந்தப் பக்கமிருந்து வருவார்? இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கமாக வந்துவிட்டால்? நகராமல் நம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் புத்தி என்று நின்றேன். தள்ளுவண்டியோடு ஒரு பெண் வந்தாள். எங்கள் அறையைச் சுத்தம் செய்கிறவள் இல்லை, புதிது. லோர்னா என்று சட்டையில் எழுதியிருந்தது. நாற்பது வயது இருக்கும், களைத்த முகம், ஆனாலும் சிரித்தாள். கதவு, கார்டு, உள்ளே என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் கையில் இருந்த போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, திறக்கிறேன் மேடம், ஆனால் அறை யார் பெயரில் இருக்கிறது என்று சரியாகச் சொல்லவேண்டும், கப்பல் விதி என்றாள். என் மகள் இவர் பெயரில்தான் அறை எடுத்திருக்கிறாள். ஹஸ்பெண்ட் நேம், மேடம்?

மறுபடியும் அதே கேள்வி. பழைய பெயர் நாக்கு நுனி வரை ஓடி வந்துவிட்டது, டி ஃபார் டெல்லி என்று. பல்லைக் கடித்து நிறுத்தினேன். நல்லவேளை, நிறுத்த முடிந்தது. இப்போது சரியான பெயரைச் சொல்லவேண்டியதுதான். வாயைத் திறந்தேன். பெயர் இருக்கிறது, எனக்குள்ளே கடைப் பலகையில் எழுதின மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தெரிகிறது. வரவில்லை. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி திறந்தேன். வரவில்லை. காது இரண்டும் சுடுகிறது. புடவைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்பது லோர்னா ஒரு மாதிரி பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. என்ன கண்றாவி இது, ஆயிரம் தடவை தெருவில் நின்று கத்தின பெயர். ஐம்பத்தொன்பது வயதில், காலில் செருப்புக்கூட இல்லாமல், முன்பின் தெரியாத ஒருத்தி முன்னால் புதுப்பெண் மாதிரி கூசிக்கொண்டு நிற்கிறேன். இந்தக் கூச்சம் எனக்குத் தெரிந்த கூச்சம். ரேஷன் கடையில், கோயிலில், முப்பத்தோரு வருஷம் என்னோடு இருந்தது; ஆசுபத்திரி மேசைக்கு முன்னால் போனது. அன்றோடு தொலைந்துவிட்டது என்று நினைத்தேன். இறந்துபோனவர் பெயர்தான் எனக்குத் தண்ணீராக வருகிறது. உயிரோடு இருக்கிற புருஷன் பெயர் எனக்கு வராது.

"ஏன் வெளியில நிக்கற? செருப்பு எங்க?" என்று இவர் குரல். காற்றில் முடியெல்லாம் கலைந்து வந்துகொண்டிருந்தார். கண் கொஞ்சம் சிவந்திருந்தது, அதுவும் காற்றாக இருக்கலாம். லோர்னா அவரிடம் ஏதோ சொன்னாள், பெயர் கேட்டேன், மேடத்துக்குத் தெரியவில்லை என்கிற மாதிரி.

"தெரியாம என்ன" என்றேன். "வரலை."

இவர் முகம் விழுந்தது. "பரவாயில்ல ரஞ்சிதம். பழகின பேருதான் முதல்ல வரும்."

"அந்தப் பேரு வந்துச்சு. நிறுத்திட்டேன். உங்க பேரு வரலை. சொல்லத்தான் பார்த்தேன், வாயைத் தொறந்தா வரமாட்டேங்குது."

"கடையில அத்தனை தடவை கூப்பிடுவியே."

"அப்ப நீங்க கடைக்காரர்."

இவர் என்னைப் பார்த்தார், என் தலைப்பைப் பார்த்தார். தலைப்பை நான் இன்னும் வாயிலிருந்து எடுக்கவில்லை. பிறகு சுவரில் கையை ஊன்றிக்கொண்டார், கப்பல் அசையவில்லை.

"முப்பது வருஷமா பில்லுல எழுதப் பேஷண்ட் பேரு கேட்டிருக்கேன்" என்றார், மெல்ல. "பொம்பளைங்க பட்டுன்னு பேரைச் சொல்லிட்டா, அது அண்ணன், மாமனார், அப்படி யாராவது. ஒண்ணும் சொல்லாம டாக்டர் சீட்டை மட்டும் முன்னால தள்ளினா, அது வீட்டுக்காரர்."

சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். லோர்னாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் அவளிடம் தன் பெயரைத் தானே சொல்லி, பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். கதவு திறந்தது. அந்த இரும்புக் கை மறுபடி மூட வந்தது. இவர் தோளைக் கொடுத்து அதை நிறுத்திக்கொண்டு, நான் உள்ளே போவதற்காக நின்றார். எனக்குத் தலைசுற்றல் அப்படியேதான் இருந்தது. பதில் மட்டும் இருந்தது.

"கடைக்கு மேல ரெண்டு பேருக்கு இடம் பத்துமாங்க?" என்றேன்.

"பழைய அட்டைப்பெட்டியா அடைஞ்சு கிடக்கு ரஞ்சிதம். எடுத்துப் போட்டா பத்தும்" என்றார்.